டெமரேஜ் அண்ணாச்சி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த காலையில் அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால், தெருவில் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பிரயோஜனம் இல்லை. கையில் அரை கிலோ மக்ரூன் பொட்டலத்தோடு வருகிறவரை எந்தத் தூத்துக்குடி வீட்டில் வெளியே நிறுத்துவார்கள்?

"மார்க்கு கெடக்கட்டும். என்னலே படிக்கப் போற?"

"ஃபிசிக்ஸ், அண்ணாச்சி."

அவ்வளவுதான். சட்டைப் பையிலிருந்து தினசரி காலண்டர் தாள் ஒன்று வெளியே வரும். பின்பக்கம் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'செலவு', வலப்பக்கம் 'வரவு'. இடப்பக்கம் மளமளவென்று நிரம்பும். பிறகு பேனாவை வலப்பக்கத்துக்கு நகர்த்தி, பதினேழு வயதுப் பையனை நிமிர்ந்து பார்த்துக் கேட்பார்: "முத மாசச் சம்பளம் என்ன வரும்?" அவனுக்கு எப்படித் தெரியும்? அண்ணாச்சி அங்கே ஒரு பூஜ்யம் போட்டு, அதைச் சுற்றி இன்னொரு வட்டமும் போடுவார்.

உங்கள் தெருவில் அவர் பேங்க்கில் ரிட்டயர் ஆனவராக இருக்கலாம். எங்கள் ஊர் துறைமுகம் என்பதால் எங்களுக்கு வாய்த்தவர் கிளியரிங் ஆபீஸ்காரர். தலை நரைக்கும்வரை கண்டெய்னர்களை வெளியே எடுத்தவருக்கு, படிக்கிற பிள்ளையும் யார்டில் கிடக்கிற சரக்குதான்; இலவச நாள் தாண்டினால் டெமரேஜ் என்று தண்டம் ஏறும். "பி.எஸ்ஸி. மூணு வருசம் ஃப்ரீ டேஸ்னு வச்சுக்கோ. அதுக்கு மேல எம்.எஸ்ஸி. ரெண்டு வருசம், டெமரேஜ் ஏறுது. பி.எட். ரெண்டு வருசம், இன்னும் ஏறுது. ஆக ஏழு வருசம்லே! சரக்கு இன்னும் கேட்டையே தாண்டல." டெட், டி.ஆர்.பி. என்று யாராவது வாயைத் திறந்தால், "அது கஸ்டம்ஸ் எக்ஸாமினேசன். எப்பக் கூப்பிடுவான்னு யாருக்குத் தெரியும்?" என்பார். பி.எச்டி. என்ற சொல்லை அவர் முன்னால் உச்சரிக்கவே கூடாது. "முப்பது நாள்ல எடுக்காத சரக்கை ஏலத்துக்கு விடலாம்னு சட்டமே இருக்கு, தெரியும்லா?"

பெண் பிள்ளை என்றால் கணக்கில் இன்னொரு வரி ஏறும். துறைமுகத்துக்குக் கட்டுவது டெமரேஜ். கண்டெய்னரைக் காலத்தில் திருப்பித் தராததற்குக் கப்பல் கம்பெனிக்குக் கட்டுவது டிடென்ஷன். இரண்டையும் குழப்பினால் அவருக்குக் கோபம் வரும். "ஹாஸ்டல் செலவு டெமரேஜ். கல்யாண வயசு தள்ளிப்போகுதே, அது டிடென்ஷன்." பெண்ணின் அம்மா காப்பி டம்ளரை டக்கென்று வைப்பார். அண்ணாச்சி அதைக் கவனிக்க மாட்டார்.

அவரிடம் சர் சி.வி. ராமனைச் சொல்லிப் பார்த்தேன். முகம் மலர்ந்துவிட்டது. "அவரு மொதல்ல எங்க சேர்ந்தாரு? 1907-ல கல்கத்தா கணக்காபீஸ்ல! அசிஸ்டன்ட் அக்கவுன்டன்ட் ஜெனரல்! அந்தக் காலத்துலயே அவருக்குத் தெரிஞ்சிருக்கு." உண்மைதான். பத்து வருஷம் அரசாங்கக் கணக்கைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில்தான் ராமன் ஆராய்ச்சி செய்தார். ஆனால் 1917-ல் அந்த வேலையை விட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியராகப் போனாரே என்றேன். அண்ணாச்சி கொஞ்சம் யோசித்து, "அந்த வருசம் அவருக்குச் சனி நடந்திருக்கும்" என்றார். 1930-ல் நோபல் பரிசு கொடுத்துவிட்டுத்தான் சனி விலகியது போலிருக்கிறது.

விடவில்லை நான். அந்த ராமன்தான் 1950-களில் முத்தை எடுத்து வைத்து ஆராய்ந்தார். மேலே பூசிய பளபளப்பு இல்லை அது. மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காகப் படிந்திருக்க, அவற்றில் ஒளி பட்டுத் திரும்பும்போது வருகிற மினுமினுப்பு. முத்துக்குளித்துறைக்காரராச்சே, சந்தோஷப்படுவார் என்று நினைத்துச் சொன்னேன். "அதுக்கு எவ்வளவு குடுத்தாங்க?" என்றார். பிறகு அவரே, "1961-க்கு அப்புறம் இங்க முத்துக்குளிப்பே இல்ல. முத்தே போச்சு, மினுமினுப்பு எதுக்கு?" என்று முடித்தும் வைத்தார்.

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டியபோது திருச்செந்தூர் ரோட்டில் சென்ட் என்ன விலை என்று விசாரித்ததோடு அவருடைய விண்வெளி ஆர்வம் நின்றது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் மட்டும் எத்தனாம் நம்பர் என்று ஊரெல்லாம் கேட்பார். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தபோது ரேடியோவை விட்டு அசையவில்லை. அந்த எச்சரிக்கைகளைத் தருகிற வானிலை ஆபீஸில் ஃபிசிக்ஸ் படித்தவர்களை வேலைக்கு எடுக்கிறார்கள் என்பதற்குக் காலண்டர் தாளில் இடமில்லை.

அவர் சொல்வது முழுக்கத் தப்பும் இல்லை. வெறும் பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸோடு நின்றால் நல்ல வேலை கிடைப்பது கஷ்டம். எம்.எஸ்ஸி., பி.எட். முடித்துத் தனியார் பள்ளியில் சேர்ந்தவர்கள் சம்பளத்தைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். தெருவில் இதை உடைத்துச் சொல்லுகிற ஒரே ஆள் அவர்தான். அந்த மட்டில் நன்றி.

ஆனால் செலவுப் பக்கத்தை அவர் ஒழுங்காகக் கூட்டியதே இல்லை. அரசு உதவி பெறும் கல்லூரியில் உதவி பெறும் பிரிவில் சீட் கிடைத்தால் வருஷக் கட்டணம் சில ஆயிரம்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். போர்டு தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அறிவியல் படிப்பில் சேர்ந்து, மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்குத் தேர்வானால் ஆண்டுக்கு 80,000. அண்ணாச்சி ஏலத்துக்கு அனுப்பிய அந்த ஆராய்ச்சி மாணவர் நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கியிருந்தால் மாதம் 37,000, வாடகைப்படி தனி. இதெல்லாம் வரவுப் பக்கம் வரவேண்டிய எண்கள்.

அவருடைய சொந்தப் பையனுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் எஞ்சினியரிங் சீட் வாங்கினார். அதற்குக் காலண்டர் தாள் கிழிக்கப்படவில்லை. பையன் சென்னையில் ஏதோ ஒரு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். கேட்டால், "அது கொழும்புல டிரான்ஷிப்மென்ட்ல இருக்கு, அடுத்த கப்பலுக்குக் காத்துக் கெடக்கு" என்று அவரே சிரிப்பார். சிரிக்கும்போது நல்ல மனிதராகத்தான் தெரிகிறார்.

என் வருத்தம் கணக்கில் இல்லை. பிள்ளையை நடுக்கூடத்தில் நிற்கவைத்து, அது சந்தோஷமாக இருக்கிற ஒரே நாளில் அந்தக் கணக்கைப் போடுகிறாரே! ஃபிசிக்ஸில் நல்ல மார்க் வாங்கிய ஒரு பெண் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு பி.காம். சேர்ந்தது. பி.காம். மோசமில்லை. ஆனால் அந்தப் பெண் கேட்டது அதையில்லை.

ஃபிசிக்ஸ் செலவு குறைந்த படிப்பு; காத்திருப்புதான் நீளம். உங்கள் வீட்டுக்கு அது தாங்குமா என்று பிள்ளையோடு உட்கார்ந்து நீங்களே கூட்டிப் பாருங்கள். அண்ணாச்சி கேட்டால் பி.காம். என்று சொல்லிவிடுங்கள். காலேஜ் திறந்த பிறகு தெரிந்துகொள்ளட்டும்.