இருபதாம் வாய்ப்பாடு

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருப்பவனிடம் எதற்கு வேண்டுமானாலும் காஸ்டிங் கேட்கலாம். நூல் விலை, நிட்டிங் கூலி, டையிங், பிராசஸ் லாஸ், தையல், பட்டன், லேபிள், பாலி பேக், கடைசியில் ரிஜெக்‌ஷனுக்கென்று ஒரு சதவீதம். ஒரு டீ-சர்ட்டில் நாலணா குறைக்கச் சொல்லும் பையரோடு நடுராத்திரி வரை மெயிலில் மல்லுக்கட்டுகிறவன் நான். அந்தத் திமிரில்தான் குடும்பத்தோடு மலேசியா போய்வர ஒரு ஷீட் போட்டேன். பேண்டில் ஜிப் வைக்க மறக்கிற மாதிரி, அதில் ரிஜெக்‌ஷன் வைக்க மறந்துவிட்டேன்.

இந்தியர்களுக்கு விசா வேண்டாம், 30 நாள் வரை சும்மா வந்து போகலாம் என்று மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் கதவைத் திறந்துவிட்டது. நாலு பேருக்கு விசாச் செலவு பூஜ்யம். இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் ஆன்லைனில் ஒரு வருகைப் படிவம் மட்டும் நிரப்ப வேண்டும். அரசாங்கத் தளத்தில் அதற்கும் காசு கிடையாது. நான் போய் விழுந்தது அரசாங்கத் தளத்தில் அல்ல. கொடியையும் முத்திரையையும் பார்த்துப் பயபக்தியோடு நாலு பேருக்கும் டாலரில் பணம் கட்டினேன். பையர் அனுப்பும் லேபிள் டிசைனில் ஒரு புள்ளி நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான் என்று கம்பெனியில் எனக்குப் பெயர்.

அடுத்தது டிக்கெட். நம் அரசுப் பேருந்தில் 5 வயது வரை பிள்ளைக்கு டிக்கெட்டே இல்லை, 12 வரை அரை டிக்கெட். விமானத்தில் 2 வயது தாண்டினால் தனி சீட்டு வாங்க வேண்டும். இந்த அநியாயத்தைச் சரிக்கட்ட நான் கண்ட வழி திருச்சி. எங்கள் ஊர் திருமுருகன்பூண்டியிலிருந்து கோவை விமான நிலையம் அவிநாசி ரோட்டில் ஒரு மணி நேரப் பாடு. ஆனால் அங்கிருந்து சிங்கப்பூர் போய் மாறிப் போக விலை அதிகம். திருச்சியிலிருந்து நேராகக் கோலாலம்பூர், விலையும் குறைவு. ஆகவே காங்கேயம், வெள்ளகோவில், கரூர் என்று பஸ்ஸில் போனோம். சின்னவன் வெள்ளகோவில் தாண்டி ஒருமுறை, கரூருக்கு முன்னால் ஒருமுறை வாந்தி எடுத்தான். இரண்டாவது என் சட்டையில். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “ஏம்ப்பா, பிளேன்லயும் இப்படித்தான் நாறுமா?” என்றாள்.

கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி. பெட்டியாகப் போட்டால் தனிக்காசு. எனவே பைகளைக் கம்பெனிக்கே எடுத்துப் போய், பேக்கிங் செக்‌ஷனில் கார்ட்டன் நிறுக்கும் தராசில் வைத்து, ஒவ்வொன்றும் 6.9 என்று பார்த்துத்தான் ஜிப்பை மூடியிருந்தேன். கவுண்டரில் என் பை 8 கிலோவைத் தாண்டியது. திறந்தால், பிள்ளைகளின் அமுச்சி (என் மாமியார்) வைத்த பருப்புப் பொடி, எள்ளுருண்டை டப்பா, அரை லிட்டர் நல்லெண்ணெய்.

“ஏனுங்க, இது உங்க ஷீட்ல இல்லீங்களா?” என்றாள் மனைவி. அவளுக்கு முன்பே தெரியும் என்பது அந்த ‘ங்க’வின் இழுப்பில் இருந்தது.

அதிக எடைக்குக் காசு கட்டினேன். பாதுகாப்புச் சோதனையில் நல்லெண்ணெயை எடுத்துவிட்டார்கள். 100 மில்லிக்கு மேல் திரவம் கையில் போகாது என்பது ஊருக்கே தெரியும். ஆக, குப்பைத் தொட்டிக்குப் போகவிருந்த எண்ணெய்க்கும் சேர்த்துத்தான் நான் எடைக்காசு கட்டியிருக்கிறேன்.

கோலாலம்பூரில் இறங்கியதும் பிள்ளைகளுக்கு ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுத்தேன். ரிங்கிட்டை இருபதால் பெருக்கு. பைசா சுத்தமாக வராது, ஆனால் திகில் சுத்தமாக வரும். நான் பெருமைப்பட்ட ஒரே ஏற்பாடு அதுதான். பள்ளிக்கூடம் வருஷக்கணக்கில் சொல்லியும் ஏறாத வாய்ப்பாடு இரண்டு வேளைச் சாப்பாட்டில் ஏறிவிட்டது. ரொட்டி சானாய் விலையைப் பார்த்தாலும் பெருக்கினார்கள், தே தாரிக் விலையைப் பார்த்தாலும் பெருக்கினார்கள். அம்மா வாங்கின தண்ணீர் பாட்டிலைப் பெருக்கிப் பார்த்து, பாதி குடித்துப் பாதி மூடி வைத்தார்கள்.

பெட்டாலிங் தெருவில் ஒரு பாடம் நடத்த நினைத்தேன். கடையில் தொங்கிய டீ-சர்ட்டை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்து, “சிங்கிள் ஜெர்சி, 150 ஜி.எஸ்.எம். இருக்கும், கழுத்து ரிப்பைப் பாரு, எங்கே தைச்சதுன்னு நான் சொல்லட்டுமா?” என்று மகளிடம் ஆரம்பித்தேன். திருப்பூர் என்று சொல்லி, லேபிளைத் திருப்பிக் காட்டி, அப்பா செய்கிற வேலை உலகத்தையே போர்த்துகிறது என்கிற மாதிரி முடிப்பதாகத் திட்டம். அவள் முந்திக்கொண்டு லேபிளைத் திருப்பி, எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள்: “பங்... களா... தேஷ்.” கடைக்காரர் சிரித்தார். பங்களாதேஷ்காரரோ என்னவோ.

மறுநாள் பத்துமலை. 2006-இல் திறந்த 140 அடி முருகன், 2018-இல் வர்ணம் பூசிய 272 படி. சிலையை உருவாக்கியவர் திருவாரூர் ஸ்தபதி தியாகராஜன். அவரே பிறகு சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடியில் முத்துமலை முருகனைச் செய்தார். 2022-இல் கும்பாபிஷேகமும் ஆயிற்று. அதாவது 6 அடி பெரிய முருகன், பாஸ்போர்ட் இல்லாமல், பஸ் தூரத்தில். இதை நான் தெரிந்துகொண்டது பத்துமலை அடிவாரத்தில், போனில். மனைவியிடம் சொல்லவில்லை.

சின்னவன் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: “ஏம்ப்பா, இது கல்லா, சிமெண்ட்டா?” பூண்டியில் பிறந்த பிள்ளை. ஸ்கூல் வேன் தினமும் சிற்பக்கூடங்களைத் தாண்டித்தான் போகும், உளிச் சத்தம் கேட்காத நாள் கிடையாது. சிமெண்ட் என்றேன். “ஓ” என்றான். அந்த ‘ஓ’வுக்கு நான் கட்டிய டிக்கெட் காசை இருபதால் பெருக்க வேண்டியதில்லை, ரூபாயிலேயே கட்டியது.

பாதிப் படியில் ஒரு குரங்கு வந்து அமுச்சியின் எள்ளுருண்டை டப்பாவைப் பறித்தது. எடைக்காசு கட்டிக் கடல் கடந்த எள்ளுருண்டை. எங்கள் ஊர்த் தலவரலாறே வழிப்பறிதான்: சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரை, சிவன் தன் பூதகணங்களை வேடர்களாக அனுப்பி மடக்கிக் கொள்ளையடித்த இடம் திருமுருகன்பூண்டி. தேர்த் திருவிழாவில் வேடுபறி என்று இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். சுந்தரர் கோயிலுக்குள் போய், இப்படிப்பட்ட ஊரில் எதற்கு ஐயா குடியிருக்கிறாய் என்று சாமியையே கேட்டுப் பதிகம் பாடினார், பொன் திரும்பக் கிடைத்தது. எனக்குப் பாட வராது. டப்பாவின் மூடி மட்டும் பத்துப் படி கீழே கிடந்தது. பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன், மூடி நல்ல மூடி.

இறங்கி வந்ததும் ஐஸ்கிரீம் வண்டி. வெயில் மண்டையைப் பிளந்தது. அன்று கணக்கில் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் தாராளமாக, “என்ன வேணுமோ எடுத்துக்கங்க” என்றேன். மகள் பலகையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. “எட்டு ரிங்கிட், நூத்தி அறுவது ரூவா. வேண்டாம்ப்பா” என்றாள். பரவாயில்லை கண்ணு, எடுத்துக்கோ என்றேன். வேண்டாமாம். சின்னவன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தான். என்னடா என்றால், ஒண்ணுக்கு. எப்போதிருந்து? “காலையில ஸ்டேசன்லயே. அங்க அம்பது சென் கேட்டாங்கப்பா. பத்து ரூவா.”

மனைவி ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்து பர்ஸை வாங்கிக்கொண்டு போனாள். அவனைக் கூட்டிப் போனாள், வரும்போது நாலு ஐஸ்கிரீமோடு வந்தாள். அதிலிருந்து ஊர் திரும்பும் வரை பர்ஸ் அவளிடம்தான் இருந்தது. ஷீட்டில் அந்த நாட்களுக்கான பகுதியை நான் நிரப்பவே இல்லை. பிள்ளைகள் மறுபடி விலைப்பலகை பார்த்ததாக ஞாபகமில்லை.

திருச்சியில் திரும்பி இறங்கியது ராத்திரி. பஸ் என்று வாயைத் திறந்தேன். மனைவி ஏற்கெனவே வாடகைக் கார்க்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். திருச்சி வழியாகப் போனதில் மிச்சமானது பெரும்பாலும் அந்தக் காரில் ஏறிப் பூண்டியில் இறங்கிப் போயிற்று.

கம்பெனியில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி எவ்வளவு ஆச்சு என்பதுதான். திருப்பூரில் எத்தனை நாள், என்ன பார்த்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நான் கிளம்பும் முன் போட்ட ஷீட்டின் தொகையைச் சொன்னேன். மெர்ச்சண்டைசருக்கு அவன் சொன்ன ரேட்டுதான் மானம். செக்கிங் செக்‌ஷன் அண்ணன் வாயைப் பிளந்து, “அதைக் கொஞ்சம் அனுப்புங்க தம்பி” என்றார், அனுப்பிவிட்டேன். இப்போது வாட்ஸ்அப்பில் அது கட்டிங் செக்‌ஷன் வரைக்கும் போயிருக்கிறது. அண்ணன் பரீட்சை லீவில் மூன்று பிள்ளைகளோடு கிளம்புகிறார், திருச்சி வழியாக. உண்மையான தொகையைச் சொல்லிவிடலாம் என்று நேற்று அவர் மேசை வரைக்கும் போனேன். பாதுகாப்புச் சோதனையில் நல்லெண்ணெய் விடமாட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.