நாலணாக் கடன்

எங்கள் சின்ன வயதில் ஒரு நாள் ஒழுங்காகக் கழிவதற்கு எத்தனை பேருடைய தயவு தேவைப்பட்டது என்று இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. ஜூன் 12ஆம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறக்க வேண்டும். திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டி, மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர் வாய்க்கால் வரைக்கும் வந்து சேர வேண்டும். பஸ் வர வேண்டும், வந்த பஸ் நிற்க வேண்டும், நின்ற பஸ்ஸில் நம்மை ஏற்றிக்கொள்ளக் கண்டக்டருக்கு மனசு வர வேண்டும். இதில் எது நடந்தாலும் "ஏதோ அவன் புண்ணியம்" என்பார்கள்; நடக்காவிட்டால் "அவன் சோதிக்கிறான்" என்பார்கள். அந்த அவன் யார் என்று யாரும் துருவிக் கேட்டதில்லை. பிள்ளையாராக இருக்கலாம், நாகூர் ஆண்டவராக இருக்கலாம், சில நாட்களில் கண்டக்டராகவே இருந்ததும் உண்டு.

இந்த அவனுக்கும் எங்கள் வீட்டுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் முழுவதும் என் அப்பாயியின் பொறுப்பில், விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பால்மாவு டப்பாவில் இருந்தது. உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும், டப்பா வேறாக இருந்திருக்கலாம். யாருக்காவது காய்ச்சல், மாடு கன்று போடத் திணறுகிறது, துபாய்க்குப் போன மாமாவிடமிருந்து கடிதம் இல்லை என்றால் உடனே வெள்ளைத் துணியில் ஒரு துண்டு கிழித்து, மஞ்சள் தண்ணீரில் நனைத்து, நடுவில் ஒரு காசை வைத்து முடிந்துவிடுவாள். ஒற்றை முடிச்சு வைத்தீஸ்வரன் கோயிலுக்கு, இரட்டை முடிச்சு சமயபுரத்துக்கு, பச்சை நூல் சுற்றினது நாகூருக்கு, நீல நூல் வேளாங்கண்ணி மாதாவுக்கு. திருப்பதிக்கு மட்டும் தனி மரியாதை, வாய்க்கு மஞ்சள் துணி கட்டிய ஒரு செம்பு. எழுதப் படிக்கத் தெரியாதவள், எந்த முடிச்சு யாருடைய எந்தக் காய்ச்சலுக்கு என்று ஒன்றுகூடத் தப்பாமல் சொல்வாள். 1957இல் அரசாங்கம் அணாக்களை ஒழித்துப் புதுக் காசு கொண்டுவந்ததை அவள் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. இருபத்தைந்து பைசா அவளுக்கு நாலணாதான். தாமரைப் பூப் போட்ட மஞ்சள் நிற இருபது பைசா வந்தபோது மட்டும் கொஞ்சம் மனம் இளகி, அதை லட்சுமிக்கு என்று தனியாக எடுத்து வைத்தாள்.

எந்தச் சாமி எந்த மதம் என்ற குழப்பமெல்லாம் அந்த டப்பாவுக்குள் இல்லை. வேளாங்கண்ணிக்குப் போகிற அன்று பஸ்ஸுக்குச் சில்லறை குறைந்தால் நாகூர் முடிச்சை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் திரும்ப வைத்துவிடுவாள். "ரெண்டும் பக்கத்து ஊருதானே, கோவிச்சுக்க மாட்டாங்க" என்பது அவளுடைய இறையியல். இதில் பெரிய இடத்து முன்னுதாரணமும் உண்டு. நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் 131 அடி உயரமுள்ள பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய அரசர் பிரதாப சிங். பிள்ளை வேண்டிக்கொண்டு, பிறந்ததற்குச் செலுத்திய காணிக்கை அது என்று சொல்வார்கள். அரசருக்கு மினாரா, அப்பாயிக்கு நாலணா.

1974இல் தஞ்சாவூரில் கல்லூரிக்குப் போனதும் எனக்குப் பகுத்தறிவு வந்துவிட்டது. கறுப்புச் சட்டை தைக்க வசதியில்லாததால், இருந்த ஒரே கருநீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூட்டங்களுக்குப் போனேன், பகுத்தறிவுப் பேச்சாளர் இங்கர்சாலை மொழிபெயர்ப்பில் படித்தேன், விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் திருநீற்றுத் தட்டு எதிரே வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் ஆடி வெள்ளிக் கூழுக்கும் மார்கழி வெண்பொங்கலுக்கும் வரிசையில் முதல் ஆளாக நின்றேன்; அரிசி உழவனுடைய உழைப்பு, அதற்கும் கடவுளுக்கும் சம்பந்தமில்லை என்று அதற்கும் ஒரு வாதம் கைவசம் இருந்தது. அந்த வேகத்தில் ஒரு நாள் அப்பாயியிடமும் கேட்டேன்:

"அப்பாயி, உலகத்தையே படைச்சவருக்கு உன் நாலணா எதுக்கு?"

அவள் புளி உருட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவேயில்லை.

"அவருக்கு எதுக்குடா ராசா காசு? காச்ச விட்டுச்சுன்னா நான் மறந்துடுவேன்ல? எனக்கு மறக்காம இருக்கத்தான் முடிஞ்சு வைக்கிறேன்."

கடவுள் உண்டு என்பவர்களுக்கு என்னிடம் நூறு பதில் இருந்தது. தனக்கு மறந்துவிடும் என்பவளுக்கு இங்கர்சாலிலும் பதில் இல்லை. ஆகவே, மரபுப்படி, இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

போனேனே தவிர, முடிச்சுகள் ஓரளவு சேர்ந்து அப்பாயி வைத்தீஸ்வரன் கோயிலுக்குக் கிளம்பும்போது பைதூக்கக் கூடவே போவேன். பகுத்தறிவுக்கும் ரயில் பயணத்துக்கும் பகையில்லை. அந்தப் பயணங்களை நினைத்தால் முதலில் சாமி ஞாபகம் வருவதில்லை, மந்தார இலையில் கட்டிய புளிச்சோற்றின் வாசம்தான் வருகிறது. மீட்டர்கேஜ் ரயிலின் ஜன்னலில் கைவைத்தால் ஒட்டிக்கொள்ளும் கரி, மாயவரத்தில் ரயில் நிற்கிற நேரத்துக்குள் ஓடிப்போய் வாங்கி வருகிற காபி, கோயில் குளத்தில் வெல்லத்தைக் கரைத்துவிட்டு உப்பையும் மிளகையும் போடும்போது அப்பாயி வாய்க்குள் சொல்கிற பெயர்களின் பட்டியல், மொட்டையடித்த தங்கச்சி தலையில் சந்தனம் காய்ந்து வெடிக்கிற அழகு, கசக்கிறதா இனிக்கிறதா என்று தெரியாத திருச்சாந்து உருண்டை. காய்ச்சல் வந்தது போன தையில், நன்றி சொல்லப் போவது இந்த ஐப்பசியில். இடையில் இருந்த அத்தனை மாதமும் அந்தக் காய்ச்சல் விட்ட சந்தோஷம் டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது. மளிகைக் கடைப் பற்று நோட்டைப் போல, பாக்கி இருக்கிறவரைதான் போக்குவரத்தும் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு, ஆகா அந்தக் காலம் போல வருமா என்று நீங்கள் பெருமூச்சு விட்டால் நான் பொறுப்பில்லை. அந்த முடிச்சுகளில் பாதி பயத்தில் போட்டவை. எங்கள் தலைமுறைக்காரர்களின் சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தால் பெரியம்மைக்குக் குத்திய தழும்பு இருக்கும். அந்தத் தழும்புகள்தான் 1975இல் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளியோடு அந்தக் கணக்கை முடித்தன. அதற்குமுன் அம்மை கண்ட வீட்டில் வேப்பிலையும், ஒரு முடிச்சும், விடிகிறவரை விழித்திருக்கிற அம்மாவும்தான் வைத்தியம். தடுப்பூசி வந்து முடிச்சுகளைக் குறைத்தது என்றால், அதற்கு யாரும் அழ வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், பெரியம்மை ஒழிந்ததால் சமயபுரத்தில் கூட்டம் குறைந்துவிடவில்லை. கோரிக்கைதான் மாறியிருக்கிறது: நீட், வீட்டுக் கடன், அமெரிக்க விசா. மாசிக் கடைசியில் தொடங்கி 28 நாள் பக்தர்களுக்காகத் தானே பச்சைப் பட்டினி விரதம் இருக்கும் அம்மன், இந்த விசா விவகாரத்துக்கும் சேர்த்துப் பட்டினி கிடக்கிறாளே என்றுதான் எனக்குக் கவலை.

இப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே எதற்கும் யாருடைய தயவும் தேவையில்லை. கீரை பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறது, கொண்டுவந்த பையனின் முகத்தைப் பார்ப்பதற்குள் அவனுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தாகிவிடுகிறது. போன மாதம் பேரனுக்கு டெங்குக் காய்ச்சல் விட்டதும் மகள் போனை எடுத்தாள், ஏதோ அழுத்தினாள், "திருப்பதிக்கு அனுப்பிட்டேன்ப்பா" என்றாள். ரசீதும் வந்துவிட்டது. காய்ச்சல் விட்டதற்கும் கடன் தீர்ந்ததற்கும் நடுவில் ஒரு டம்ளர் காபி ஆறுகிற நேரம்கூட இல்லை. பெருமாளுக்கு இதில் லாபம்தான், சில்லறை எண்ணுகிற வேலை மிச்சம். நமக்குத்தான், மறுநாள் காலையில் அந்தக் காய்ச்சலை ஞாபகம் வைத்துக்கொள்ள வீட்டில் ஒரு பொருளும் இல்லை. மகளின் போன் மட்டும் தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு மணியடித்து, இன்று நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை எழுது என்கிறது. அவள் "அப்புறம்" என்று அழுத்திவிட்டுத் தூங்கப் போகிறாள். பேரன் கால் அந்தப் போனில் பட்டபோது அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னது நான்தான், முன்னாள் கருநீலச் சட்டைக்காரன். புத்தகம் உள்ளே இருக்கிறதல்லவா என்று அதற்கும் ஒரு வாதம் வைத்திருக்கிறேன்.

அப்பாயி போனபிறகு டப்பா என்னிடம் வந்தது. செலுத்தாத முடிச்சுகள் சில அதில் மிச்சம். எப்போது பிரித்துப் பார்த்தாலும் துணி வெளுத்து, காசின் வட்டம் மட்டும் கறையாகப் பதிந்திருக்கிறது. யாருக்கு என்ன ஆனதற்காக முடிந்தவை என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. ஆனால் அந்த யாரோ பிழைத்துக்கொண்டோம் என்பது மட்டும் நிச்சயம், நானும் என் தங்கச்சியும் மாமாவும்தானே அந்த வீட்டில் காய்ச்சல் வந்தவர்கள். இவற்றைச் செலுத்திவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கையில், 2011 ஜூன் 30ஆம் தேதியோடு இருபத்தைந்து பைசா செல்லாது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. வேண்டுதல் செல்லும், காசு செல்லாது.

இதற்கு என்ன செய்வது என்று வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. செல்லாக் காசை உண்டியலில் போடுவது சாமியை ஏமாற்றுவது என்றாள் மனைவி. மொத்தத்தையும் கூட்டிப் போனிலேயே அனுப்பிவிடலாம் என்றாள் மகள். அப்படியானால் இத்தனை வருஷத்து வட்டி என்று நான் இழுத்தேன். மனைவி யோசித்தாள், அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. கடைசியில் மற்ற முடிச்சுகள் அந்தந்த ஊருக்குப் போகும்போது என்று ஒத்திவைக்கப்பட்டன. திருப்பதிச் செம்பைப் பற்றி மட்டும் நான் அடித்துச் சொல்லிவிட்டேன், அதற்கு அவசரமே இல்லை. தன் கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடனுக்கு இன்னமும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறவர் அவர். அப்பாயியின் நாலணாவுக்காக என் கழுத்தைப் பிடிக்கமாட்டார்.