மாணிக்கத்துக்கு உடம்பு சரியில்லை

பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன், இடது காலில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் தனியாக இடம் ஒதுக்கி அச்சடித்திருக்கிறார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது சுவரில் பல்லி கத்தினால், "பாத்தியா, சத்தியம்!" என்று தரையைத் தட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பல்லியிடம் பலன் கேட்ட ஊரில், பல்லிக்கே உடம்புக்கு முடியாமல் போனால் யாரிடம் போய்க் கேட்பது என்று மட்டும் ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

எங்கள் வீட்டு நோயாளி சுவர்ப்பல்லி அல்ல. மூக்கிலிருந்து வால்நுனிவரை நாலடி நீளமுள்ள பச்சை இகுவானா. மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் ஆற்றோர மரக்கிளையில் வெயில் காய்ந்துகொண்டிருக்க வேண்டிய ஜீவன், திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தது. காரணம், மச்சான். அவனுக்குக் கப்பலில் வேலை. "ஒண்ணும் பண்ண வேணாம் மாமா, கீரை போட்டா போதும். லைட்டு அதுபாட்டுக்கு எரியும்" என்று சொல்லிக் கண்ணாடித் தொட்டியை ஹாலில் இறக்கிவிட்டுக் கப்பலேறிவிட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று பெரியவர்கள் சொல்வதை அதுவரை வெறும் பழமொழி என்றே நினைத்திருந்தேன்.

அதற்கு மச்சான் வைத்த பெயர் மாணிக்கம். 'பாட்சா' படத்து மாணிக்கம்தான். "பாக்க சாது, உள்ள வேற ஆளு" என்பது அவன் விளக்கம். உள்ளே வேறு ஆள் யாரும் இல்லை, இருக்க வேண்டிய கால்சியம்கூட இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மாணிக்கம் முதலில் கட்டையில் ஏறுவதை நிறுத்தியது. அடுத்து சாப்பாட்டை. பின்னங்கால் தொடைகள் இரண்டும் பருத்தன. "ஜிம் பாடிப்பா!" என்று என் மகன் மகிழ்ந்தான். முன்காலின் விரல் நுனிகள் தாமாகத் துடிக்க ஆரம்பித்தபோது அவனும் மகிழ்வதை நிறுத்திக்கொண்டான்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் வைத்தியம் வீடு தேடி வந்தது. காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் பக்கத்து வீட்டு ஆயா, "துன்னாம கெடந்தா இன்னாத்துக்கு ஆவும்? ரெண்டு நெத்திலி போடு, எந்திரிச்சிக்கும்" என்றார். இகுவானா சுத்த சைவம். இலை, பூ, கொஞ்சம் காய்பழம், அவ்வளவுதான். மாமிசம் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் கெட்டுப்போகும். "காசிமேட்டாண்ட குந்திக்கினு மீன் துன்னாததெல்லாம் ஒரு ஜென்மமா?" என்று ஆயாவுக்கு அதன்மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

கீழ் வீட்டுக்காரர் மாடியேறி வந்து, உற்றுப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "உடும்புதானே? ரத்தம் மூட்டுவலிக்கு நல்லதாமே" என்றார். இது உடும்பு இல்லை என்றேன். உடும்பாக இருந்தால், அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தொட்டால் மூன்றாண்டுக்குக் குறையாமல் சிறை என்றும் சொன்னேன். அன்றோடு அவருக்கு மூட்டுவலி சரியாகிவிட்டது.

அம்மா வேறு வழியில் போனார். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிடுவதாக வேண்டிக்கொண்டார். மேல்மட்டத்தில் பேசிவிட்டால் காரியம் நடக்கும் என்பது அவர் கணக்கு. தீவனம் விற்கும் கடைக்காரரைப் போனில் பிடித்தேன். "சூடு ஏறியிருக்கும் சார். ரெண்டு நாள் ஏசி போட்டு விடுங்க" என்றார். மாணிக்கத்துக்கு ஏசி போட்டால் எங்களுக்கும் கிடைக்கும் என்பதால் வீட்டில் இந்த வைத்தியத்துக்கு மட்டும் எதிர்ப்பே எழவில்லை. விளைவு, நோயாளி இன்னும் சோர்ந்துபோனது.

அடுத்து ஒரு கிளினிக். அங்கே இருந்த படிவத்தில் நாய், பூனை என்று இரண்டே கட்டங்கள். உட்கார்ந்திருந்த பெண் யோசித்துவிட்டு, பூனையில் டிக் போட்டு, பக்கத்தில் 'பச்சை' என்று எழுதினார். "ரேபிஸ் ஊசி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். ரேபிஸ் பாலூட்டிகளுக்கு வரும் நோய் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எனக்கு முன்னால் இருந்த லாப்ரடார், பெட்டிக்குள் மாணிக்கத்தைப் பார்த்துவிட்டு எஜமானரின் மடியில் ஏறிவிட்டது. டாக்டர் நேர்மையானவர். பெட்டியைத் திறந்தார், மூடினார். "மாடுன்னா கைய விட்டுப் பாத்துச் சொல்லிடுவேன் சார். இதுக்கு வேற ஆளைப் பாருங்க" என்று பணம் வாங்காமல் அனுப்பிவிட்டார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. அதை மையமாக வைத்து 1989-ல் கால்நடைப் பல்கலைக்கழகமே வந்தது. ஆனாலும் கால்நடை மருத்துவப் படிப்பின் பெரும்பங்கு மாடு, எருமை, ஆடு, கோழி, நாய்தான். நாட்டில் அதிகம் இருப்பதும், நாட்டுக்குச் சோறு போடுவதும் அவைதானே? ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் விரும்பித் தேடிக் கற்றுக்கொண்ட சிலர்தான்.

அப்படி ஒருவரைக் கண்டுபிடித்து ஆட்டோவில் கிளம்பினோம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. எங்களுக்கு முன்னால் ஒரு கன்டெய்னர், பின்னால் ஒரு கன்டெய்னர், நடுவில் ஓர் இகுவானா. "பொட்டில இன்னா சார்?" என்றார் ஆட்டோக்காரர். "உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குப் போறோம். பேரு மாணிக்கம்" என்றேன். "ஆட்டோக்காரன் பேரா! அப்ப நம்மாளு" என்று அதற்குப் பிறகு அவர் விட்ட ஹாரனில் டிரெய்லர்களே ஒதுங்கின. இறங்கும்போது மட்டும் மீட்டருக்கு மேல் ஐம்பது ரூபாய் கேட்டார். நம்மாளு நோயாளிதான், நானில்லை.

டாக்டரம்மா முதலில் மாணிக்கத்தைத் தொடவே இல்லை. பெண் பார்க்க வந்தவர்களைப்போல வீட்டைப் பற்றியே விசாரித்தார். தொட்டி எங்கே இருக்கிறது, வெயில் நேராக விழுமா, கண்ணாடி வழியாகவா, என்ன விளக்கு, எப்போது மாற்றியது, என்ன கீரை, யார் கழுவுகிறார்கள். "விளக்கு நல்லா எரியுதுங்க" என்றேன். "எரியும். ஆனா வேலை செய்யாது" என்றார்.

அப்புறம்தான் பெட்டியைத் திறந்து, ஒரு விரலால் மாணிக்கத்தின் கீழ்த்தாடையை மெல்ல அழுத்திக் காட்டினார். எலும்பு இருக்க வேண்டிய இடம் ரப்பராக வளைந்து, விரலை எடுத்ததும் மெதுவாகத் திரும்பியது. எக்ஸ்ரேயில் எலும்பும் சதையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். தொடை பருத்தது ஜிம் பாடி இல்லை. பலம் இழந்த எலும்பைத் தாங்க உடம்பு சுற்றிலும் நார் போட்டுக் கட்டிய கட்டு. விரல் துடித்தது ரத்தத்தில் கால்சியம் இறங்கியதால்.

வெயிலில் உள்ள யுவிபி கதிர் தோலில் பட்டால்தான் இகுவானாவின் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகும். டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் ரத்தத்தில் சேரும். சேராவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துச் செலவு செய்யும். சாதாரணக் கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும். ஆகையால் ஜன்னலோர வெயில் கணக்கில் சேராது. அதற்கென விற்கும் ட்யூப் பளிச்சென்று எரிந்தாலும், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் அதன் யுவிபி தீர்ந்துவிடும். மச்சானின் ட்யூப் எந்த வருடத்தது என்று மச்சானுக்கே தெரியாது. கீரையிலும் அவன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது பாலக். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, செம்பருத்தி இலையும் பூவும் போடுங்கள் என்றார். நம் ஊரில் முருங்கை இல்லாத தெருவா?

ஏசி விஷயத்தைச் சொன்னபோதுதான் அவருக்கு முகம் மாறியது. ஊர்வனவற்றுக்குத் தம் உடம்புச் சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. வெளியில்தான் வாங்க வேண்டும். வெயில் காயும் இடம் 35 டிகிரியாவது இருந்தால்தான் தின்றது செரிக்கும், கொடுத்த மருந்தும் வேலை செய்யும். "மருந்துல பாதி சூடுங்க" என்றார்.

கடைசியாக, "பதிவு பண்ணியிருக்கா?" என்றார். இந்த இடத்தில் மச்சான் தன் வாழ்நாளில் செய்த ஒரே உருப்படியான காரியம் வெளியே வந்தது. வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து தெரிவிக்கலாம், ஆறு மாதத்துக்குள் தெரிவித்தால் ஆவணம் கேட்கமாட்டோம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜூனில் அறிவித்தபோதே அவன் மாணிக்கத்தைக் கணக்கில் காட்டியிருந்தான். 2022-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. இகுவானா இப்போது நான்காம் அட்டவணையில். 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கைமாறினாலும், குஞ்சு பொரித்தாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் ஓணானும் பாம்பும் ஆமையும் பிடிபடுவது அடிக்கடி வரும் செய்தி. அப்படி வந்ததை வாங்கியவர் டாக்டரிடமே கொண்டுபோகப் பயப்படுவார். சாவது அவர் அல்ல.

வைத்தியம் மொட்டை மாடிக்கு மாறியது. கம்பி வலைக் கூண்டு, பாதி வெயில், பாதி நிழல். நிழல் இல்லாவிட்டால் சூடு தாங்காமல் செத்துவிடும். எங்கள் பக்கத்து மாடிக் கைப்பிடிச் சுவரைத் தடவினால் கையில் கறுப்புத் தூசி ஒட்டும். ஆகையால் கீரையை அலசி அலசிப் போட வேண்டும். ஆனால் வெயிலுக்கு வட சென்னையில் பஞ்சமில்லை. கால்சியம் மருந்தும் டாக்டர் சொன்ன அளவில் உள்ளே போனது. தொட்டவர் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்றும் உத்தரவு. ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். எலும்பு தேற மாதக்கணக்கில் ஆனது. தாடை சற்று வளைந்தபடியே நின்றுவிட்டது. ஆனால் மாணிக்கம் கட்டையில் ஏறுகிறது, செம்பருத்தியைக் கண்டால் ஓடி வருகிறது. அம்மா இது காஞ்சிபுரத்துப் பல்லியின் அருள் என்கிறார். ஆயா, யாருக்கும் தெரியாமல் நெத்திலி போட்டிருப்பாரோ என்று நான் சந்தேகப்படும்படியாகச் சிரிக்கிறார். கப்பலிலிருந்து வீடியோ காலில் வந்த மச்சான், "நான்தான் சொன்னேனே மாமா, உள்ள வேற ஆளு" என்றான்.

இகுவானாவை நன்றாக வைத்துக்கொண்டால் பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும், ஆறடி வரைகூட வளரும். வாங்க நினைக்கிறவர்கள் கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் யார், யுவிபி ட்யூப் என்ன விலை, காகிதம் எங்கே. மூன்றில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.