இறங்கித் தள்ளவும்

1960களின் கடைசியில் எங்கள் ஊரில் நடைபாதை என்று தனியாக ஒன்று கிடையாது. தெரு முழுக்கவே நடைபாதைதான். மாடு, கட்டை வண்டி, நெல் காயும் பாய், நடுவில் குரங்கு பெடலில் நான். வாடகை சைக்கிளில் மணி இருந்தால் பிரேக் இருக்காது, பிரேக் இருந்தால் மணி இருக்காது. “ஓரம், ஓரம்” என்று தொண்டையாலேயே மணியடித்துக்கொண்டு போவேன். ஒருநாள் அதையும் மறந்து சின்னப்பாட்டியின் அப்பளத்தின் மேலேயே ஏற்றிவிட்டேன். அன்றைக்கு வாங்கிய வசவில் பாதிக்கு இன்னும் அர்த்தம் தெரியாது.

டவுனுக்குப் போனால்தான் சட்டம். விளக்கில்லாமலோ டபுள்ஸிலோ போய் மாட்டினால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். அதற்கும் வழி இருந்தது: தூரத்தில் தொப்பி தெரிந்ததும் இறங்கித் தள்ளிவிட வேண்டும். தள்ளுகிறவனை என்ன செய்ய முடியும்?

தாத்தாவுக்கு எங்கள் தெருவைப் பற்றி ஒரு பெருமை. “இங்க வந்தா எவனும் இறங்கித்தான் தள்ளுவான். மரியாதை தெரிஞ்ச ஊர்” என்பார், திண்ணையில் வெற்றிலை மடித்தபடி. நானும் அப்படியே நம்பினேன். தபால்காரர் இறங்கியதில்லை. கணக்குப்பிள்ளை மிதித்தபடியே தாத்தாவுக்குக் கும்பிடு போட்டார். வேப்பமரத்தடியில் இறங்கி, தெருவின் மறுகோடிவரை தள்ளிப்போய் மறுபடி ஏறிக்கொண்டவர்கள் எல்லாரும் கீழக்கோடிச் சேரிக்காரர்கள் என்பது எனக்கு உறைக்க மீசை முளைக்க வேண்டியிருந்தது. மழையிலும் தள்ளினார்கள். காய்ச்சலில் துவண்ட பிள்ளையை கேரியரில் உட்கார வைத்து, ஒரு கையால் அணைத்துக்கொண்டு ஒருவர் தள்ளிப் போனார். தாத்தா அன்றைக்கும் வெற்றிலைதான் மடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது சிங்கப்பூரில், பொங்கோலில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே எல்லாவற்றுக்கும் கணக்கு. நடைபாதையில் சைக்கிள் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25. நடைபாதைக்கு முன்பு 15 இருந்ததை 2019இல் குறைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் மின்ஸ்கூட்டரை நடைபாதையிலிருந்தே விரட்டினார்கள். 2025 ஜூலையிலிருந்து, சைக்கிள் பாதையை ஒட்டி நடப்பவர்களுக்கென்று விட்டிருக்கும் பாதையில் சைக்கிளே ஏறக்கூடாது. என் நடையை மட்டும் யாரும் ஒழுங்குபடுத்தவில்லை. பின்னால் ‘டிங்’ என்றதும் நான் இரண்டு பக்கமும் ஒதுங்குகிறேன். “லெஃப்ட் தாத்தா, லெஃப்ட்!” என்று பேரன் கத்துவான்.

போன வாரம் நடைக்குப் போனபோது தூறல். சுரங்கப்பாதை வாசலில் பலகை: சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளவும். கட்டுமான வேலைக்குப் போகிற தமிழ்ப் பையன் ஒருவன், பூட்ஸும் சாப்பாட்டுப் பையுமாக, சட்டென்று இறங்கினான். எனக்கு என்னவோ செய்தது.

“ஆளே இல்லையே தம்பி, ஓட்டிக்கிட்டே போ.”

“போர்டு இருக்கே சார். அவரும் இறங்கிட்டாரு பாருங்க.”

எதிர்ப்பக்கம், மோட்டார் சைக்கிளைவிட விலை கூடிய சைக்கிள் ஒன்றை, ஹெல்மெட்டும் பளபளச் சட்டையுமாக ஒரு வெள்ளைக்காரர் தள்ளிக்கொண்டு வந்தார்.

பேச்சுத் துணையாகச் சேர்ந்தே நடந்தோம்.

“சாருக்கு எந்த ஊரு?”

“பட்டுக்கோட்டைப் பக்கம்.”

“அட, நமக்கும் அங்கதான்!” ஊர்ப் பெயரைக் கேட்டான், சொன்னேன். முகம் மலர்ந்தது. “எங்க அத்தைய அங்கதான் குடுத்திருக்கு. நீங்க எந்தத் தெரு சார்?”

நல்லவேளை, சுரங்கப்பாதை முடிந்து அவன் ஏறிக்கொள்ளும் இடம் வந்துவிட்டது.