சொல்லிவிட்டு வெட்டுபவர்கள்

‘இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே இந்த எண்ணில் அதிகாரியை அழைக்கவும்.’ அம்பத்தூர்க்காரருக்கு இப்படிக் குறுஞ்செய்தி வந்தால் அப்போதே சந்தேகம் வர வேண்டாமா? நம் பக்கம் கரன்ட் என்றைக்குச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறது! அழைத்தால் ‘அதிகாரி’ முதல் ரிங்கிலேயே எடுப்பார், வாய்க்கு வாய் ‘சார்’ போடுவார், ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார். இந்த மரியாதையிலேயே குட்டு உடைந்துவிடுகிறது.

அடுத்த ரகம், வீடியோ காலில் ‘டிஜிட்டல் கைது’. காக்கிச் சட்டை, பின்னால் சிங்க முத்திரை, கேமராவை விட்டு நகரக் கூடாதாம். சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்லிவிட்டார். ஆவடியில் 2022 முதல் தனி போலீஸ் கமிஷனரகமே இருக்கும்போது, பூந்தமல்லி ஆளைப் பிடிக்க மும்பை போலீஸ் வாட்ஸ்அப்பில் வருவானேன்?

ஏமாந்துவிட்டால், ‘நாலு பேருக்குத் தெரிந்தால் அசிங்கம்’ என்று மென்று விழுங்காதீர்கள். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். சீக்கிரம் சொன்னால் முடக்கிவைக்க வாய்ப்புண்டு. வங்கியின் எண்ணைப் பாஸ்புக்கில் பாருங்கள், கூகுளில் தேடாதீர்கள். அங்கேயும் அவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.