கேட்ச் கேன் அண்ணாச்சி

தூத்துக்குடியில் நாலு பேர் நின்று பேசுகிற இடத்தில் இப்போதெல்லாம் கேட்ச் கேன் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்த சங்கதியைச் சொல்லிக்கொண்டிருப்பார். குடும்பம், படிப்பு, சம்பளம் எல்லாம் திருப்தி. மூன்றாவது வாக்கியத்தில் முகம் வாடும். “பையன் டர்போ வண்டி வச்சிருக்காரு, டைரக்ட் இன்ஜெக்சன். ஆனா கேன் போடல, பாத்துக்கிடுங்க.”

துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்ட். ஆப்பிரிக்காவிலிருந்து கொல்லத்துக்குப் போகும் பச்சை முந்திரிக் கொட்டைக் கண்டெய்னர்களுக்குக் கையெழுத்து வாங்கியே தலை நரைத்தவர். கப்பல் நாலு நாள் தாமதமானாலும் அவருக்குத் தூக்கம் கெடாது. தூக்கத்தைக் கெடுப்பது வீட்டு வாசலில் நிற்கும் ஃபோக்ஸ்வாகன் டைகுன், அதிலும் குறிப்பாக அதன் இன்டேக் வால்வின் முதுகு. அந்த முதுகை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

பயம் பொய்யில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். வழக்கமான பெட்ரோல் இன்ஜினில் இன்ஜெக்டர் வால்வுக்கு முன்னாலேயே பெட்ரோலைப் பீய்ச்சும். வண்டி ஓடும் நேரமெல்லாம் வால்வு குளித்துக்கொண்டே இருக்கும். டைரக்ட் இன்ஜெக்சனில் 200 பாருக்கும் மேலான அழுத்தத்தில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் இறங்கிவிடுகிறது. வால்வுக்குக் குளியல் கிடையாது. இந்த நேரத்தில்தான் கீழேயிருந்து வினை வரும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசியும் வாயு, மெக்கானிக் பாஷையில் ‘ப்ளோ பை’, கிராங்க் கேஸில் இருக்கும் ஆயில் பிசிறையும் இழுத்துக்கொண்டு கிளம்பும். ஒரு காலத்தில் அதைக் குழாய் வைத்து ரோட்டிலேயே விட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாக்காரர்கள் புகைமூட்டம் தாங்காமல் விதி போட்ட பிறகு, பிசிவி வால்வு வழியாக இன்ஜினே அதைத் திரும்பக் குடிக்கும்படி ஆயிற்று. அந்தப் பிசிறு சூடான இன்டேக் வால்வில் படிந்து கருகிக் கரியாகிறது. கரி ஏறினால் ஐடிலிங்கில் வண்டி உதறும், மிஸ்ஃபயர் ஆகும். டொயோட்டா, ஃபோர்டு போன்றவர்கள் சில இன்ஜின்களில் இரண்டு வகை இன்ஜெக்டரையும் வைத்தே இதற்கு வழி கண்டார்கள். மற்றவர்கள் வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுரண்டுகிறார்கள்.

இதைக் கேட்ட அன்று அண்ணாச்சிக்கு ஒரு யோசனை வந்தது. “வால்நட் எதுக்குல? நம்ம கிட்டதான் கண்டெய்னர் கண்டெய்னரா முந்திரி வருதே, அந்தத் தோட்டை அடிச்சா என்ன?”

போட்டு இன்ஜினும் லாரி இன்ஜினும் பார்த்தே கை கறுத்த மெக்கானிக், ஸ்பேனரைக் கீழே வைத்தார். “அண்ணாச்சி, முந்திரித் தோட்டுல எண்ணெய் இருக்கு. கையில பட்டாலே கொப்பளிக்கும். நீங்க எடுக்கணும்னு நெனக்குறதும் எண்ணெயத்தான?”

ஆகவே கேன். பிசிவி குழாயை நடுவில் வெட்டி ஒரு சின்ன அலுமினிய டப்பாவைச் சேர்ப்பது, அவ்வளவுதான் சமாச்சாரம். உள்ளே தடுப்புத் தகடும் வலையும் இருக்கும். வாயு முட்டி மோதிக் குளிர்ந்து, ஆயிலை விட்டுவிட்டுப் போகும். குளிர்ந்து என்பதுதான் முக்கியம். அண்ணாச்சி முதலில் பளபளப்பு தெரியட்டும் என்று டர்போவுக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொன்னார். சித்திரை வெயிலில் தூத்துக்குடி பானட்டுக்குள், அதுவும் டர்போ ஓரத்தில், எந்த ஆவி குளிரும் என்று மெக்கானிக் கேட்ட பிறகு, மனசில்லாமல் காற்றுப் படும் மூலைக்கு மாற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேன் திறப்பு. தெருப் பையன்கள் இரண்டு பேராவது இருந்தால்தான் திருகைத் தொடுவார். அந்தக் காலத்தில் அரசு முத்துக்குளிப்பில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். 1961க்குப் பிறகு இந்தக் கடலில் அது நடக்கவில்லை. அன்றைக்கு ஏலம் எடுத்தவர் முதல் சிப்பியில் கத்தி வைத்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை வரலாம். விழுவது இரண்டு ஸ்பூன் கறுப்பு ஆயில், கொஞ்சம் தண்ணீர், பெட்ரோல் வாடை. “பாத்தியளா! இவ்வளவும் வால்வுக்குப் போயிருக்கும்லா?” பிறகு அது ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போய், தேதி ஒட்டப்பட்டு, ஸ்டோர் ரூம் அலமாரியில் ஏறும். மாங்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பது மட்டும் அண்ணியின் நிபந்தனை.

அந்த இரண்டு ஸ்பூனும் அப்படியே வால்வில் கரியாகியிருக்குமா என்றால், இல்லை. பெரும்பகுதி சிலிண்டருக்குள் போய் எரிந்திருக்கும். வால்வுத் தண்டின் சீல் வழியாக இறங்கும் ஆயிலைக் கேன் பிடிக்கவும் பிடிக்காது. தவிர, கம்பெனிக்காரன் ஏற்கெனவே இன்ஜினிலேயே ஆயில் பிரிப்பான் வைத்திருக்கிறான். அண்ணாச்சி பிடிப்பது அதற்குத் தப்பியதை. டர்போ வண்டியில் இன்னொரு சங்கடமும் உண்டு. மெதுவாகப் போகும்போது வாயு ஒரு குழாயில் போகும். மிதித்து பூஸ்ட் ஏறினால் டர்போ வாய்ப்பக்கக் குழாயில் போகும். இரண்டுக்கும் ஏற்பாடு செய்யாத மலிவு கேன், திருநெல்வேலி ரோட்டில் வண்டி பறக்கும் நேரத்தில்தான் சும்மா உட்கார்ந்திருக்கும். காலி செய்ய மறந்தாலோ தேங்கியதை இன்ஜினே உறிஞ்சிக்கொள்ளும். குழாய் அடைத்தால் அழுத்தம் ஏறி ஆயில் சீலைத் தள்ளும்.

ரீமேப் செய்து பூஸ்டை ஏற்றியவர், ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர் நல்ல கேன் போடுவதில் அர்த்தம் உண்டு. வீட்டிலிருந்து துறைமுகத்துக்குப் போய்வரும் டைகுனுக்கு, நேரத்துக்கு நல்ல ஆயில் மாற்றி, இன்ஜின் சூடேறும்படி அவ்வப்போது நீளமாக ஒரு ஓட்டம் விட்டாலே பெரும்பாலும் போதும். இதை அண்ணாச்சியிடம் சொல்லலாம்தான். அவர் உடனே பாட்டிலைக் கொண்டுவருவார்.

அண்ணாச்சியை அசைத்துப் பார்த்தவர் ஓய்வுபெற்ற கப்பல் சீஃப் இன்ஜினியர் ஒருவர்தான். “கிராங்க் கேஸ் ஆயில் புகைக்கு நாங்க பயந்த பயம் வேற, அண்ணாச்சி. 1947ல ‘ரெய்னா டெல் பசிபிகோ’ கப்பல்ல அது வெடிச்சு 28 பேர் செத்தாங்க. இப்ப பெரிய கப்பல் இன்ஜின்ல எல்லாம் புகை கூடினா அலாரம் அடிக்கும்.” சீஃப் சொன்னது பெருமைக்கு. அண்ணாச்சி கேட்டது வேறு: “அந்த அலாரம் காருக்குக் கிடைக்குமா?”

கேன் போட்டால் வாரண்டியில் தகராறு வரும் என்பதும் தெரியும். அதனால் சர்வீஸுக்கு முந்தின ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் கேன் கழலும், பழைய குழாய் ஏறும். வண்டி திரும்பிய சாயங்காலமே கேன் தன் இடத்துக்கு வந்துவிடும். நெக்ஸான் டர்போ வைத்திருக்கும் மச்சினனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்த இன்ஜினில் பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே விழுகிறது, வால்வு தானே குளித்துக்கொள்கிறது என்று மச்சினன் சொல்லிப் பார்த்தார். “குளிச்சா என்ன, சோப்பு வேண்டாமா?” என்று வாயை அடைத்துவிட்டார்.

மெக்கானிக் ஒருமுறை நியாயமான வழி சொன்னார். சின்ன கேமரா இருக்கிறது, உள்ளே விட்டு வால்வைப் பார்த்துவிடலாம், கரி இருக்கா இல்லையா தெரிந்துவிடும். அண்ணாச்சி பதறிப்போனார். “கேன்தான் போட்டிருக்குல்லா? அப்புறம் எதுக்குல பாக்கணும்?”

2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி சில்லாநத்தத்தில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்தது. ஊர்க்காரர்கள் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசினார்கள். அண்ணாச்சியின் மகன், அடுத்த வண்டி அதுதான் என்றான். வால்வு இல்லை, பிஸ்டன் இல்லை, கிராங்க் கேஸ் இல்லை. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஷோரூமில் அண்ணாச்சி பானட்டைத் திறக்கச் சொல்லி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, மோட்டாருக்குக் கீழ கியர் உண்டுல்லா?”

“உண்டு சார்.”

“அதுல ஆயில்?”

“இருக்கும் சார்.”

“அப்ப ப்ரீதர் எந்தப் பக்கம் வருது?”