ரசீது கொடுத்தால் வழிப்பறி இல்லையாம்

நீலகிரிக்கு மூச்சு முட்டுகிறது என்கிறார்கள். மெய்தான். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில், பர்லியாறுக்கு மேலே ஏதாவதொரு கொண்டை ஊசி வளைவில் கிளட்ச் கருகும் வாடையை இழுத்துக்கொண்டு நின்றவர் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் நோய் தெரிந்த கையோடு நம் நிர்வாகம் மருந்தையும் கண்டுபிடித்தது பாருங்கள், அதற்குத்தான் தனி மூளை வேண்டும். மூன்று வேளையும் சீட்டுக் கிழிக்க வேண்டும். அவ்வளவுதான் மருந்து.

சென்னையிலிருந்து வருகிறவரின் ஃபாஸ்டேக்கைச் சமவெளியின் சுங்கச்சாவடிகள் ஏற்கெனவே துடைத்திருக்கும். மலையடிவாரத்துக் கல்லாறு செக்போஸ்ட்டில் ஓரங்கட்டினால் இ-பாஸ். அது இலவசம் என்று அடித்துச் சொல்வார்கள். அதற்குத் துணையாக வரும் பசுமை வரி இலவசமில்லை. பிறகு டிக்கியைத் திறக்க வேண்டும். ஐந்து லிட்டருக்குக் குறைவான தண்ணீர் பாட்டில் மலையேறக் கூடாது. நல்ல விதி, ஒப்படைத்துவிட்டுப் போவோம். மேலே தண்ணீர் ஏடிஎம்மில் காசு போட்டுப் பிடித்துக்கொள்ளலாம். ஊருக்குள் போனால் வண்டி நிறுத்தக் காசு, பூங்காவுக்குள் நுழையக் காசு, கழுத்தில் தொங்கும் கேமராவுக்குத் தனிக் காசு, தொட்டபெட்டாவுக்கு வேறொரு சீட்டு. நல்லவேளை, மூடுபனிக்கு இன்னும் குத்தகைதாரர் கிடைக்கவில்லை.

இதில் நசுங்குகிறவர் யார் என்று வாடகைக் காரின் டாஷ்போர்டைத் திறந்து பார்த்தால் தெரியும். அத்தனை ரசீதும் அங்கேதான் சுருண்டு கிடக்கும். கணக்கைச் சொன்னால் பின்சீட்டிலிருந்து திருப்பூர்க் குரல் வரும்: “ஏனுங்கண்ணா, வாடகை பேசறப்ப இதெல்லாம் சொல்லலீங்களே?” ஓட்டுநர் பதில் பேசாமல் இரண்டாவது கியருக்கு மாற்றுவார். அன்றைய பேட்டா அந்த வளைவிலேயே கரைந்திருக்கும்.

மலை எவ்வளவு தாங்கும் என்று கேட்டது நிர்வாகம் அல்ல, சென்னை உயர் நீதிமன்றம். அது சொல்லித்தான் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. சென்னை ஐஐடியும் பெங்களூர் ஐஐஎம்மும் ஆராய வேண்டும் என்றானது. 2025-இல் இடைக்கால உச்சவரம்பும் வந்தது: ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வெள்ளிக்கிழமை வரை ஆறாயிரத்துக்கே முனகும் மலைக்குச் சனிக்கிழமை விடிந்ததும் இன்னும் இரண்டாயிரம் வண்டியைச் சுமக்கத் தெம்பு வந்துவிடுகிறது. மலையும் மாதச் சம்பளக்காரர்தான் போலிருக்கிறது. லீவு நாளில் உற்சாகமாகிவிடுகிறது.

காருக்கு இத்தனை கெடுபிடி என்றால் கட்டடத்துக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? இதே நீலகிரியில் சீகூர் யானை வழித்தடத்தை அரசு அறிவித்தது 2010-இல். அந்த வழித்தடத்தில் நின்ற விடுதிகளின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அரசின் அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பாகும்போது 2020 அக்டோபர். பத்து ஆண்டு! இ-பாஸ் இல்லாத மாருதி கல்லாறில் பத்து நிமிடம் நின்றால் மலைக்கு ஆபத்து. யானை நடக்கும் பாதையில் கான்கிரீட் பத்து ஆண்டு நின்றால் அது நிலுவை வழக்கு. அந்தப் பத்து ஆண்டும் பாஸ் கிடைக்காமல் நின்றது யானை மட்டும்தான். இந்த மலையில் பொக்லைன் ஓட்டவும் அனுமதி வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்படியும் சரிவுகள் வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன. என் டிக்கியில் அரை லிட்டர் பாட்டிலைத் தேடிப்பிடிக்கும் கண்ணுக்கு அந்த மஞ்சள் யந்திரம் தட்டுப்படாததற்கு எந்த மூடுபனி காரணம்?

காசு வாங்கத் தெரிந்தவர்களுக்குத் திருப்பித் தரவும் தெரியும். இதே நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டில் பாட்டில் உடையக் கூடாது என்பதற்காக நீதிமன்றம் சொல்லி வந்த ஏற்பாடு அது. ஆக, குடித்தவருடைய பத்து ரூபாய்க்குக் கணக்கு உண்டு. குடும்பத்தோடு மலையேறியவர் கட்டிய பசுமை வரியில் எந்தச் சரிவில் எத்தனை சோலை மரம் முளைத்தது என்று கேட்டுப் பாருங்கள், “வண்டியை எடுங்க, பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க” என்பார்கள்.

நாங்கள் கட்ட மாட்டோம் என்று சொல்லவில்லை. காரை மேட்டுப்பாளையத்திலேயே விட்டுவிடு என்றாலும் விடுகிறோம். குழந்தைகளும் பாட்டியும் உட்கார இடமிருக்கும் பேருந்துகள் அங்கே வரிசையில் நிற்கட்டும். பாதி வழியில் பெண்கள் தயங்காமல் நுழையக்கூடிய கழிப்பறை இருக்கட்டும். செக்போஸ்ட் வாசலில் ஒரு பலகை வையுங்கள்: போன மாதம் வசூல் இவ்வளவு, மலைக்குச் செலவு இவ்வளவு, எங்கே, எதற்கு. பெயின்டருக்குக் கூலி இல்லையென்றால் அதற்கும் ஒரு சீட்டுப் போடுங்கள், கட்டித் தொலைக்கிறோம். கணக்குக் காட்டாமல் கை நீட்டுகிற வரைக்கும் மட்டும் மலையின் பெயரைச் சொல்லாதீர்கள். வழிமறித்துப் பறித்த காசுக்கு ரசீது கிழித்துவிட்டால் அது வரியாகிவிடாது.